இயக்குநர் பேசிய ரகசிய லைன்

அரசாங்கத்துக்காக மூன்று கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, சாட்டிலைட் வழியாகப் பேசும் ரகசிய போன் அமைத்துக் கொடுத்தன. யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்றார்கள். ஆனால் உணவுத் துறை இயக்குநர் வேதாசலம் அதில் சொன்ன திடீர் சோதனையெல்லாம் அரிசிக் கிடங்குக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

மூன்று கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. பிறகு மூன்றும் சேர்ந்து, மொட்டைமாடியில் ஆன்டெனா பொருத்திய அஞ்சுகத்தைக் கைகாட்டின.

"சாயங்காலத்துக்குள்ள ஓட்டையைக் கண்டுபிடி. இல்லேன்னா உன் மேலதான் கேஸ்" என்றார் வேதாசலம்.

அஞ்சுகம் மாடிக்குப் போய்விட்டு வந்தாள். "ஐயா, புதுசா ஒரு ரகசியம் பேசுங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு, வானத்துக்கு எட்டுகிற குரலில் பேசி முடித்தார். எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

கிடங்குக்காரர்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடை, இயக்குநர் அலுவலகக் காம்பவுண்டுக்கு வெளியே இருந்தது. அஞ்சுகம் வேதாசலத்தையும் கம்பெனிக்காரர்களையும் அங்கே கூட்டிப்போனாள்.

"அண்ணே, ஐயா இப்ப என்ன பேசினாரு?"

"வியாழக்கிழமை ரெய்டாம்" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

"பாத்தீங்களா, லைன் ஒழுகுது!" என்று கத்தினார் வேதாசலம்.

அஞ்சுகம் பையிலிருந்து கேபிளை எடுத்து பெஞ்சில் வைத்தாள். "லைனை அப்பவே கழட்டிட்டேங்க ஐயா. இது சாட்டிலைட் இல்லாமலே வந்து சேர்ந்த சேதி."

அதற்குப் பிறகு யாரும் கேஸைப் பற்றிப் பேசவில்லை. வேதாசலம் மெதுவாக ஒரு டீ கேட்டார். கடைக்காரர் காதில் அது விழவேயில்லை.