நாற்பத்தாறு நாள் சட்டமும் நரியின் வாலும்

மூங்கில் காட்டில் குஞ்சரம்மாள் என்ற யானைக்கு மூன்றாம் பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியது. இப்போது மறுபடியும் கரு. "இந்தத் தடவை போனால் திரும்பாது" என்று வைத்தியர் கரடி சொல்லிவிட்டார்.

கருவைக் கலைக்கும் பச்சிலை மலைக்குகையில் முளைத்திருந்தது. எத்தனை நாள் வரை அதைத் தின்னலாம்? சட்டம் போட நரி நாட்டாமை சபையைக் கூட்டினார்.

"கருவும் உயிர்தான். ஒரு நாள்கூடக் கூடாது" என்றது காட்டெருமை. சொல்லும்போது அதன் கண் நிஜமாகவே கலங்கியது.

"அவங்க வயிறு, அவங்க இஷ்டம். கடைசி நாள் வரைக்கும் தின்னட்டும்" என்றது குரங்கு.

ஏழு நாள் கத்தினார்கள். எட்டாம் நாள், ஊர் சுற்றும் நாரையை நரி கூப்பிட்டார். "மற்ற காடுகளில் என்ன வழக்கம், தம்பி?"

"எலிக் காட்டில் இரண்டு நாள், ஐயா. யானைக் காட்டில் தொண்ணூறு."

நரி மணலில் எழுதிக் கூட்டினார். பாதியாக்கினார். "நாற்பத்தாறு!"

"தொண்ணூற்றில் பாதியை வெட்டினேன் பார்" என்று காட்டெருமை மார்தட்டியது. "ஒன்றுமில்லாத இடத்தில் நாற்பத்தாறு வாங்கினேன் பார்" என்று குரங்கு குட்டிக்கரணம் போட்டது. இருவருக்கும் மாலை விழுந்தது.

கடைசி வரிசையில் முயல் சீதேவி எழுந்தாள். "மாமா, நான் முப்பதே நாளில் பெத்துடுவேன். நாற்பத்தாறாம் நாள் என் குட்டிகள் உங்க மீசையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கும். அப்போ நான் இலையைத் தின்னு என்ன பண்ண?"

"சந்தேகமெல்லாம் பிறகு" என்றார் நரி.

"எனக்குக் கரு தங்கினதே எண்பதாம் நாள்தான் தெரிஞ்சது, ஐயா" என்றாள் குஞ்சரம்மாள்.

"என்னம்மா செய்யறது? ஒரு நாளை மாத்தினாலும் சமரசம் உடைஞ்சிடும். குகையைப் பாறையால் அடைப்போம். நாள் தாண்டாதவங்களுக்கு மட்டும் திறப்போம்."

காட்டெருமை பாறையை முட்டியது. கொம்புதான் வலித்தது. குரங்கு பாறைமேல் ஏறி நின்று "தள்ளு, தள்ளு" என்றது. பாறை அசையவில்லை.

எல்லாத் தலைகளும் மெல்ல யானைப் பக்கம் திரும்பின. நரி இருமினார். "குஞ்சரம்மா, கொஞ்சம் தும்பிக்கை கொடேன்."

"எனக்கு அடைக்கிற கதவை நானே சாத்தணுமா? சரி."

ஒரு தள்ளு. பாறை குகைப் பக்கம் போகவில்லை. சரிவில் உருண்டு சபைக்கு வந்தது. நரி தாவினார், வால் நுனி தாவவில்லை. நசுங்கிக் கறுத்தது. நம்பாதவர்கள் நரியின் வால் நுனியைப் பாருங்கள், இன்னும் கறுப்புதான்.

நரி அலறிவிட்டு, அடங்கிய குரலில் கேட்டார்: "உனக்கு எத்தனை நாள் வேணும், தாயே?"

"இந்த ஒரு கேள்விக்குத்தான் எட்டு நாளாய் உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிப் பாறையை அவர் வாலிலிருந்து நகர்த்திவிட்டு, குஞ்சரம்மாள் கரடி வைத்தியரோடு குகைக்குள் போனாள். அடுத்த மழைக்கும் மூங்கில் ஒடிக்க அவள் இருந்தாள்.

பிற காடுகளின் கணக்கைக் கூட்டி வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். சுமப்பவளைக் கேட்டால்தான் நியாயம் கிடைக்கும்.