வயிற்றில் பாய்ந்த அம்பு

முன்னொரு காலத்தில் கொடுங்குன்ற நாட்டை வேட்கோவரையன் என்றொரு ராஜா ஆண்டான். நல்ல ராஜாவா என்று என்னைக் கேட்காதீர்கள். அவன் செய்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன், நீங்களே முடிவு கட்டுங்கள்.

முதலில், காட்டை அடைத்து, மான் எல்லாம் எனக்கே என்று பறையறைந்தான். அடுத்து, தினைக் கொல்லையில் மான் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது என்றான். அதற்கும் அடுத்து, அரச மானைக் கொன்றால் வலக்கை போகும் என்று சட்டம் போட்டான். பிறகு, தன் அம்பு பட்டு ஓடிய மானைத் தேடிக் கொண்டுவராத ஒரு வேடனை நாடு கடத்தினான். அந்த வேடன், காட்டோரம் தினை விதைத்துப் பிழைத்த நீலி என்பவளின் புருஷன். கடைசியாக, அந்தச் சட்டத்தைக் காட்டி நீலியின் வலக்கையையே வெட்டக் கேட்டான்.

நடந்தது இதுதான். ஒருநாள் விடிகாலையில் நீலியின் கொல்லைக்குள் ஒரு பெண்மான் தள்ளாடி வந்து விழுந்தது. வயிற்றில் அம்பு. முந்தின மாலை பட்ட காயம். விடிய விடிய அந்த வலியோடு நடந்திருக்கிறது. நீலி தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. ஆனாலும் அவள் விரலை நக்கியது. "போதும் தாயி, நீ நடந்தது போதும்" என்று தலையை மடியில் கிடத்தி, கண்ணைப் பொத்தி, கதிர் அரிவாளால் அதன் வேதனையை முடித்துவைத்தாள். காவலர் வந்து அரிவாளோடும் அம்போடும் அவளைச் சபைக்கு இழுத்துப் போனார்கள்.

சபையில் ராஜாவின் வேட்டைத் துணைவர் மழவராயர் குதித்தார். ராஜா தும்மினால் அதற்கும் தாளம் போடுகிற மனிதர். அமைச்சர் பெருஞ்சாத்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அடியே! அரச மானை அறுத்தாயா இல்லையா?"

"அறுத்தேன் சாமி. அதுக்கு முன்னாலேயே அதைக் கொன்னுட்டாங்க. சாகத்தான் விடலை."

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "அம்பு பட்டால் சாக வேண்டியதுதானே?" என்றான்.

ராஜாவின் செல்ல மான் சிம்மாசனத்தின் பக்கத்திலேயே நின்றது. நீலி அதைக் காட்டினாள். "இதுக்கு உசிரு எங்கே இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க ராஜா."

ராஜா கழுத்தைத் தொட்டான். பிறகு விலாவின் நடுவில் வைத்தான். வயிறு மெதுவாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

"அங்கே இல்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால, நெஞ்சோட கீழ்ப்பக்கம்."

ராஜா கையை நகர்த்தினான். தொம் தொம் என்று உள்ளங்கையில் இடித்தது. ஊரையே நடுங்கவைத்த கை அது. அந்தச் சின்னத் துடிப்பின் மேல் அசையாமல் கிடந்தது.

"இங்கே பட்டா கொஞ்ச தூரம் ஓடிச் சாஞ்சிடும். மான் நேரா நம்மைப் பார்த்து நின்னா அம்பு விடக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலை எடுத்து வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

"திரும்பவே இல்லை என்றால்?"

"வில்லை இறக்கிட்டு வீட்டுக்குப் போகணும் ராஜா. என் புருஷன் அப்படித்தான் எத்தனையோ நாள் வெறுங்கையோட வருவான்."

ராஜா கையை எடுக்கவில்லை. மான் அவன் முழங்கையை முகர்ந்தது.

பெருஞ்சாத்தனார் அம்பைத் தூக்கிப் பிடித்தார். காய்ந்த ரத்தமும் பச்சைச் சாணமும் அப்பிக் கிடந்தன. "மழவராயரே, இது வயிற்றில் பாய்ந்த அம்பு. நம் ராஜாவின் அம்பாக இருக்குமோ?"

அந்தக் காட்டில் ராஜாவைத் தவிர வில்லெடுப்பவர் யார்? சபை முழுவதற்கும் தெரியும். சொல்லத்தான் நாக்கு இல்லை.

"வாயைக் கழுவும்!" என்று சீறினார் மழவராயர். "ராஜாவின் அம்பு நெஞ்சைத் தவிர வேறெங்கும் பாயாது. இது எவனோ திருட்டுப் பயலின் அம்பு. அவன் கையையும் வெட்ட வேண்டும்!"

"சபையோரே, கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அமைச்சர். "எய்தவன் பெயரை அம்பின் தண்டில் கீறிவைப்பதும், மானைப் பங்கிடுமுன் அதைச் சாட்சிகள் முன் படிப்பதும் நம் நாட்டு வழக்கம். மழவராயரே, நீரே கழுவிப் படியும்."

மழவராயர் செம்புத் தண்ணீரில் தண்டைக் கழுவினார். அவர் முகமும் கூடவே வெளுத்தது. தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"ராஜா! இந்தக் கைவெட்டுச் சட்டம் மகா கொடுமை! இப்போதே நீக்கிவிடுங்கள்!"

வேடர் கை போகும் என்றபோது தெரியாத கொடுமை, பாருங்கள், அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

ராஜாவின் கண் கலங்கியிருந்தது. "நீக்கினேன். இவளுக்கும் நீக்கினேன், வேடர் எல்லாருக்கும் நீக்கினேன். காடு அவர்களுக்குத் திறந்திருக்கட்டும். அமைச்சரே, இவள் புருஷனைத் தேட இன்றே ஆள் அனுப்பும். அம்மா, அந்த அரிவாளை எடுத்துக்கொள்." பிறகு மழவராயரைப் பார்த்தான். "எழுந்து நில்லும். பெயரைப் படியும்."

"மன்னிக்க வேண்டும் ராஜா, எழுத்து மங்கலாக..."

"எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும். படியும்."

நீலி நிமிர்ந்து நின்றாள். மழவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"வேட்கோவரையன்."