பத்தொன்பது கத்தரிச் செடிகள்

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பூவராகன், அறுபத்துமூன்று வயதில் கொல்லிமலை அடிவாரத்து அன்னதான மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தை நடத்திய தவமணியம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர்.

"எதுக்குங்க ஐயா வந்தீங்க?"

"பெருமையை விடணும்மா. ஊர்க்காரங்க வெட்டின குளத்துலகூட என் பேரைக் கல்லுல பொறிச்சு வச்சவன் நான்."

அம்மாள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அடுக்களை வாசலில் இருந்த வாளியைக் காட்டினார். அரிசி கழுவிய தண்ணீரில் வாழைப்பழத் தோலும் காய்கறித் தோலும் மிதந்தன.

"இதை உரமாக்குங்க. பின்னால முப்பது கத்தரிக் கன்னு நட்டிருக்கு. ஆடிப்பெருக்குக்கு மலையேற வர்றவங்க நூறு பேராவது இங்கே சாப்பிடுவாங்க. அன்னிக்குக் குழம்புக்கு அந்தக் காய்தான்."

பூவராகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு குச்சியால் எட்ட நின்று கிளறினார். சீக்கிரம் புளிக்கட்டும் என்று வெல்லத்தை அள்ளிப் போட்டார். மூன்றாம் நாளே எடுத்து, அப்படியே வேரில் ஊற்றினார்.

ஒரு வாரத்தில் பதினோரு கன்றுகள் கருகிவிட்டன.

"எனக்கு இது வராதும்மா. வேற யாரையாவது வச்சுக்குங்க."

"மிச்சம் பத்தொன்பது இருக்குதே," என்ற அம்மாள், உலை கொதிக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டார்.

அன்று குச்சியைத் தூக்கி எறிந்தார் பூவராகன். வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் தோல்களைப் பிசைந்தார். வெல்லம் ஒரு பிடியோடு சரி. காலையும் மாலையும் கலக்கினார். நுரை அடங்கப் பத்து நாள் காத்திருந்தார். பிறகு ஒரு டம்ளர் கரைசலுக்குப் பத்து டம்ளர் தண்ணீர் சேர்த்து, தண்டில் படாமல் சுற்றிலும் ஊற்றினார். வாரம் தவறாமல் ஊற்றினார். கைநாற்றம் சோப்புக்குப் போகவில்லை. அவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு விடியலில் முதல் ஊதாப்பூ பூத்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. தனியாக நின்று சிரித்தார்.

ஆடிப்பெருக்கன்று பந்தியில் ஓர் அம்மா இலையிலிருந்து நிமிர்ந்து கேட்டார். "கத்தரிக்காய் வெண்ணெயாட்டம் கரையுதுங்களே! யாரு வளர்த்ததுங்க?"

தண்ணீர்ச் செம்போடு நின்ற பூவராகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் மடத்து அம்மா அருள். நான் ஒண்ணுமே செய்யலைங்க."

பரிமாறிக்கொண்டிருந்த தவமணியம்மாளின் கரண்டி நின்றது.

"நான் உங்க உர வாளியைத் தொட்டதே இல்லைங்களே ஐயா."

"பெருமையை விடத்தானேம்மா இங்கே வந்தேன்?"

"விடுங்க, வேண்டாங்கலை. அதுக்குப் பொய் சொல்லச் சொன்னது யாரு?"

பந்தியே அவரைப் பார்த்தது. பூவராகன் மெல்ல நிமிர்ந்தார்.

"நான்தாங்க வளர்த்தேன். முதல்ல கொஞ்சம் கன்னைக் கருக்கிட்டேன். அப்புறம் கத்துக்கிட்டேன்."

தவமணியம்மாள் அந்த அம்மாவின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

"நல்லாச் சாப்பிடுங்க. எங்க ஐயா வளர்த்த காய்."