வாகனமாமணி தின்ற நெய்ச்சோறு

முன்னொரு காலத்தில் வெண்குளச் சீமையைக் குலமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பட்டம் கொடுக்கிற பைத்தியம் பிடித்தவன். அரண்மனைப் பலாமரத்துக்கு ஒரு பட்டம், நாவிதரின் கத்திக்கு ஒரு பட்டம் என்று அள்ளி விட்டிருந்தான். அப்படிப்பட்டவனிடம் அரபு தேசத்திலிருந்து கப்பலில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து சேர்ந்தது. சும்மா விடுவானா? அதற்கு ‘வாகனமாமணி’ என்று பட்டம் சூட்டினான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ராஜா கையால் பட்டம் வாங்கியவருக்கு அரண்மனை மடைப்பள்ளியிலிருந்துதான் சாப்பாடு போகவேண்டும். பலாமரமும் கத்தியும் சாப்பிடாது, பிழைத்தன. குதிரை சாப்பிடுமே!

மடைப்பள்ளி அதிகாரி ஆராவமுதுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் அக்காரவடிசல், மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் பாயசமும் லட்டும். எல்லாம் அண்டா அண்டாவாக லாயத்துக்குப் போயிற்று. லாயத்தில் குதிரை பார்க்கிற இருளாண்டி கையைப் பிசைந்தான். குதிரைக்குப் புல்லும் ஊறவைத்த கொள்ளும் போதும் என்று அவன் சொன்னதற்கு, புல் தின்கிறவன் புத்தி புல்லுக்குத்தான் போகும் என்று அதிகாரி சிரித்தார்.

ஒரு மாதம் ஓடியது. வாகனமாமணியின் வயிறு புடைத்தது. முன்னங்கால் குளம்பு இரண்டும் தொட்டால் சுட்டன. காலைத் தரையில் ஊன்ற முடியாமல் ஒருநாள் அப்படியே படுத்துவிட்டது.

ராஜா துடித்துப்போனான். அதிகாரி முந்திக்கொண்டு, தான் அனுப்பும் சாப்பாட்டின்மேல் பொறாமைப்பட்டு இருளாண்டிதான் அதில் எதையோ கலந்துவிட்டான் என்று கோள் சொன்னார். அவ்வளவுதான். பௌர்ணமிக்குள் குதிரை எழுந்து நடக்காவிட்டால் இருளாண்டியை யானைக்காலில் இடுவது என்று தீர்ப்பாகிவிட்டது. பௌர்ணமிக்கு இருபதே நாள். சோறு நிற்காதவரை குதிரை எழாது என்பது இருளாண்டிக்குத் தெரியும். சோற்றை நிறுத்து என்று இப்போது அவன் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனாலும் கும்பிட்டபடி வாயைத் திறந்தான்.

“மகாராஜா, தங்களுக்கு வைக்கிற சோற்றை அதிகாரி முதலில் ருசி பார்த்துத்தானே அனுப்புகிறார்? வாகனமாமணிக்கும் அந்த மரியாதை வேண்டாமா?”

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி, இன்றைக்கே ருசி பார்க்கத் தயார் என்றார்.

“தாங்கள் சாப்பிடுவது ஒரு தட்டு, அதற்கு ஒரு பிடி ருசி பார்த்தால் போதும். குதிரை சாப்பிடுவது அண்டா. குதிரை, அதிகாரியைப் போல ஆறு பேர் எடை இருக்கும். அண்டாவில் ஆறில் ஒரு பங்கை இவர் சாப்பிட்டால்தான் கணக்குச் சரி. சாப்பிட்டபின் குதிரையைப் போலவே லாயத்தில் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நான் கலந்தேன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். மூன்று நாள் நடக்கட்டும் என்று உத்தரவிட்டான்.

முதல் நாள் அதிகாரி கைதட்டல் வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாம் நாள் காவலர் ஊட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் லட்டைக் கண்டதும் அழுதார். ராஜா பார்க்க வந்தபோது, வாகனமாமணிக்குப் பக்கத்தில் அதே வாக்கில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். எப்படி இருக்கிறது என்று ராஜா கேட்டான். வாய் பேசவில்லை. பதில் மறுபக்கத்திலிருந்து வந்தது, அதுவும் நீளமாக. காவலர்கள் லாயத்துக்கு வெளியே ஓடினார்கள். ராஜாவும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“ஆராவமுது, சோற்றில் விஷம் இருந்ததா?”

அதிகாரி யோசித்தார். இருந்தது என்றால் அது அவருடைய மடைப்பள்ளியிலிருந்து வந்த விஷம். அவருடைய தலை போகும்.

“விஷம் இல்லை மகாராஜா. நெய்தான்” என்று முனகினார்.

அன்றே அண்டாவை நிறுத்தினார்கள். இருளாண்டி லாயத்தில் மெத்தென்று ஆற்றுமணல் பரப்பினான். குளம்புகளுக்குக் குளிர்ந்த சேற்றை அப்பினான், காயக்காய மாற்றினான். காய்ந்த புல்லும் தண்ணீரும் தவிர வேறெதையும் காட்டவில்லை. ஒரு வாரத்தில் குளம்பின் சூடு இறங்கியது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் வாகனமாமணி எழுந்து மெதுவாக வாசல்வரை நடந்து வந்தது. இருளாண்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான்.

ராஜா அவனை லாயத்துக்கே அதிகாரியாக்கித் தங்கக் காப்பு போட்டான். குதிரைக்கு இனி இருளாண்டி சொல்வதுதான் சாப்பாடு என்று பறையறைவித்தான். ஆராவமுது தினமும் காலையில் ஒரு புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து, மடைப்பள்ளி ஆட்கள் பார்க்க, லாயத்துக்குக் கொண்டுவந்து போடவேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

எல்லாம் முடிந்தபின் ராஜா இருளாண்டியைக் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டான்.

“இவ்வளவு தெரிந்தவன், முதலிலேயே என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“மூன்று தடவை வந்தேன் மகாராஜா. மூன்று தடவையும் தாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.”

ராஜா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான்.