எந்தத் தோட்டா?

"அம்மா, ஒரு தோட்டா மேல எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றார் வேலப்பன்.

"எந்தத் தோட்டா?" என்றாள் நாச்சியார்.

"அது தெரிஞ்சா இங்க ஏன் நிக்கிறேன்? எடுத்துத் தூரப் போட்டிருக்க மாட்டேனா?"

நாச்சியார் அந்தச் சுடுதளத்தின் குரு. வேலப்பன் பட்டாளத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்று, தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ள வந்த சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அம்மா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இல்லை.

மேசை மேல் தட்டு நிறையத் தோட்டாக்கள். பித்தளைக் கூடுகளின் முனையில், ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி வேலப்பனே வார்த்த குண்டுகள். எல்லாம் ஒன்றுபோல் லட்சணமாக நின்றன. அவருக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"என்ன நடந்துச்சு?"

"கூட்டுல வெடிமருந்து போட்டுக்கிட்டு இருந்தேன். பர்வீன் வந்தா. உங்க தோட்டா இருக்கையில எனக்கென்ன கவலை மாமான்னா. மனசு குளுந்துபோச்சு. நானும் பேசினேன். கை அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் மூடி முடிச்சுட்டு டப்பாவப் பார்த்தா, மருந்து குறைவா இருக்கும்மா. ஏதோ ஒண்ணுல ரெண்டு தடவை போட்டுட்டேனோன்னு தோணுது."

மருந்து மேசையில் பேச்சு கூடாது. அந்தத் தளத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லப்படுவது அது ஒன்றுதான். வேலப்பனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர்தான்.

அந்தத் தளத்தில் சுடப் பழகும் பர்வீனிடம் இருப்பது பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. ஒன்றைச் சுட்டால் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஈயக் குண்டுக்கு மருந்து குறைந்தால் அது அடுத்ததை ஏற்றாமல் மக்கர் பண்ணும். கொஞ்சம் கூடினால் ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். இரட்டிப்பானால் துப்பாக்கியே வெடிக்கும். சரியான அளவு மருந்து பித்தளைக் கூட்டில் பாதிகூட வராது. அதனால் இரண்டாம் முறை கொட்டினாலும் வெளியே வழியாது.

மறுநாள் காலை பர்வீனுக்குப் போலீஸ் துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வு. அவள் சுடப்போவது இந்தத் தட்டில் இருப்பவற்றைத்தான். சுடும்போது துப்பாக்கியை ஒட்டி இருப்பது அவள் கன்னமும் கண்ணும்.

"தராசுல போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கையால ஊத்தின குண்டு ஒவ்வொண்ணும் ஒரு எடை. கூடுதலா காட்டுறது ஈயமா மருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? காதுகிட்ட வச்சு ஆட்டியும் பார்த்தேன்."

"என்ன சொல்லுச்சு?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா. சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போட்டா நாக்கு சொல்லிடும். இது மூஞ்சிய எடுத்தப்புறம்தானே சொல்லும்?"

நாச்சியார் எழுந்து துப்பாக்கியை எடுத்தாள்.

"நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

வேலப்பன் தட்டைப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் துப்பாக்கியில் போட்டு, பின்கட்டையில் கன்னத்தை வைத்தாள்.

"பக்கத்துல வந்து நில்லுங்க."

அது அங்கே வழக்கம். புதுத் தட்டின் முதல் தோட்டாவைச் சுடும்போது, நிரப்பியவர் சுடுகிறவரின் தோளை ஒட்டி நிற்க வேண்டும்.

வேலப்பன் போய் நின்றார். அவள் விரல் விசையைத் தொட்டது.

"வேண்டாம்மா!"

அவள் தோட்டாவை வெளியே எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சரி. வேற ஒண்ணு."

அவர் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். வைத்துவிட்டார். ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார். நெற்றி வியர்வை தட்டில் சொட்டியது.

நாச்சியார் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வேலப்பன் குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்தார். அதன் தலை உள்ளே குடைவானது. அதற்குள் தோட்டாவைச் செருகிக் கட்டையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். அடித்தார். மருந்து சரியான அளவு. அடுத்ததை அடித்தார். அதுவும் சரி. இரண்டு நாளாக அவர் பார்த்த வேலை ஒவ்வொரு அடிக்கும் கழன்று விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடித்தார்.

தட்டு பாதி காலியானபோது ஒரு கூட்டிலிருந்து மருந்து குபுக்கென்று கொட்டியது. இரண்டு மடங்கு.

"அம்மா! அகப்பட்டுக்கிச்சு!"

அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதாம்மா. இந்தச் சனியன்தான். மத்ததெல்லாம் நல்லது."

"எல்லாமா?"

"எல்லாம். பாதியாச்சும் தப்பிச்சுது."

நாச்சியார் மிச்சத்திலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பர்வீன்! துப்பாக்கிய எடு. அண்ணன் தட்டு தயாராம். முதல் தோட்டாவ இப்பவே சுட்டுப் பாத்துடு."

பர்வீன் ஓடி வந்தாள். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, தோட்டாவைப் பார்க்காமலேயே கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா."

வேலப்பன் அவள் கன்னத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அது பாட்டுக்கு வேலை செய்த கை.

விரல்கள் மூடிக்கொண்டன.

"என்ன மாமா? உங்க தோட்டா மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தாள் பர்வீன்.

 வேலப்பன் குனிந்து சுத்தியலை எடுத்தார்.