சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவும்

பூங்கோதையின் முதுகலை ஆய்வேட்டுக்கு நாற்பத்தொன்பது போட்டு பெயிலாக்கிவிட்டார் பேராசிரியர் வாகீசன். திருத்திக் கொடுக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு.

"ஐயா, எங்க குறை?"

"ஆழம் போதாது."

அவள் கிணறா வெட்டியிருக்கிறாள்? மூன்று முறை கேட்டும் அதே பதில்தான். நான்காம் முறை, "பக்கத்து ரூம் மாசிலாமணி ஐயாகிட்ட கேட்டுக்கட்டுமா?" என்றாள்.

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? கொண்டா இங்க!"

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, சிவப்புப் பேனாவால் பதினேழு குறைகளை எழுதித் தள்ளினார் வாகீசன். "இதுக்கு மேல எவனாலயும் ஒரு குறைகூடக் காட்ட முடியாது!"

கும்பிட்டுவிட்டு நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள்.

"ஐயா, இதுக்கு மேல எவனாலயும் ஒரு குறைகூடக் காட்ட முடியாதுன்னு வாகீசன் ஐயா சொல்றாங்க."

மாசிலாமணி பச்சைப் பேனாவைத் திறந்தார்.