உப்பளத்துப் பலகை

வைரவநாதன் மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பறவைகளைப் படம் எடுக்க ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஒருநாள் மத்தியானம் வேதாரண்யம் உப்பளத்தில், எட்டத்தில் மேய்ந்த ஒரு சிறு பறவையைப் பெரிய லென்ஸால் எடுத்தார். படம் மங்கல். வீட்டுக்கு வந்து கணினியில் கூர்மையைக் கூட்டக் கூட்ட, அலகின் நுனி கரண்டிபோல் விரிந்து வந்தது. அப்படி அலகுள்ள பறவையை அந்தப் பக்கம் யாரும் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இது அதுதான் என்றால் பறவைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் ஏறும். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் படத்தை அவளிடம் காட்டி, கணக்கெடுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அவள் திருத்தாத படத்தையும் வாங்கிப் பார்த்தாள். அதில் அலகின் நுனியில் ஒரு தீற்றல்தான் இருந்தது.

"ரெண்டுல எது சரி, டீச்சர்?"

வெயில் ஏறியதும் அவள் அவரை அதே வரப்புக்கு அழைத்துப் போனாள். பாத்திகளுக்கு அப்பால் ஒரு தகரப் பலகை தெரிந்தது. அதைப் படம் எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள்.

அவர் டிரைபாடை இறுக்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். தரைக்கு மேல் கானல் நெளிந்தது. பலகையும் கூடவே நெளிந்தது. தலையில் துண்டைப் போர்த்தி, மடிக்கணினியை அதற்குள் வைத்துக்கொண்டு கூர்மையைக் கூட்டினார். ஒரு படத்தில் 'உப்பு' என்று வந்தது. இன்னொன்றில் 'தடை'. வேறொன்றில் ஏதோ எண். எல்லாமே பளிச்சென்று இருந்தன. அவர் லென்ஸைத் துடைத்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்தார். கோளாறு எதில் என்று பிடிபடவில்லை.

"வாங்க சார், கிட்டப் போய்ப் பார்க்கலாம்."

வரப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பலகையில் எழுத்தே இல்லை. வெளுத்துப்போன பெயின்ட், அங்கங்கே துரு.

அவர் கையால் தடவிப் பார்த்தார். பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்போ அந்த அலகும் இப்படித்தானா?"

"தெரியாது சார்."

"நிஜமாவே கரண்டி அலகா இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம். பலகை நமக்காக இங்கேயே நின்னுச்சு, நடந்து வந்து பார்த்துட்டோம். பறவை நிக்கலையே."